விமானத்தில் வெறுங்கால்: மலையிலிருந்து முதல்முறை பறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். முதல்முறையாக விமானம் ஏறப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். பெட்டி எத்தனை கிலோ, ஊறுகாய் கொண்டுபோகலாமா, வர்க்கியை உடையாமல் எப்படிக் கட்டுவது, ஜன்னல் சீட் கிடைக்குமா. காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் போய்விட்டு வந்தவர்கள் சொல்லும் குறைகளில் பாதிக்குக் காரணம் பக்கத்து சீட்காரரின் கால்தான். அந்தப் பக்கத்து சீட்காரரும் யாரோ ஒருவரிடம் டிக்கெட் போட்டவர்தானே!

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பேத்தியைப் பார்க்கப் போன ஒரு அம்மா மட்டும் கேட்டார்.

"ஏம்ப்பா, செருப்பை வெளிய கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள ஏறணுமா?"

"இல்லீங்கம்மா, போட்டுட்டே ஏறலாம்."

"அப்பாடா. படியில விட்டுட்டுப் போனா திரும்பி வரும்போது இருக்குமோ இருக்காதோன்னு நெனச்சேன்."

சிரிப்பதற்கில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் செருப்பை விட்டுப் பழகியவருக்கு அது நியாயமான கேள்வி. நம் ஊரில் கால் வெறுமையாக இருப்பது மரியாதை. வீடு, கோயில், சில கடைகள், சில கிளினிக்குகள்கூட அப்படித்தான். விமானத்தில் கணக்கு வேறு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷூவையோ செருப்பையோ சீட்டில் உட்கார்ந்தபடி கழற்றலாம், அதில் தப்பில்லை. சாக்ஸைக் கழற்றக் கூடாது. வெறும் சாக்ஸோடு எழுந்து நடக்கவும் கூடாது. இந்த மூன்றும் உங்களுக்குப் பிரச்சினை இல்லாமல் நடக்க வேண்டுமானால் வேலை விமானத்தில் தொடங்காது. வீட்டில், ஒரு வாரம் முன்னால் தொடங்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கு ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்

சமவெளியில் வருஷம் முழுக்கச் செருப்பில் நடப்பவரின் காலுக்குக் காற்று கிடைக்கிறது. நமக்கு அப்படியில்லை. குளிருக்கு சாக்ஸ், ஈரத்துக்கு ஷூ, எஸ்டேட்டில் கம்பூட்ஸ். கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை ஆகஸ்ட் வரை விடாது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. போட்ட ஷூ மறுநாள் காலைக்குள் காயாது. அந்த ஈர ஷூவுக்குள்ளேயே திரும்பக் காலை விடுகிறோம். பூஞ்சணம் பிடித்த ஷூவைத் துணியால் துடைத்துவிட்டு "புதுசு மாதிரி இருக்கு" என்று கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் ஊர் இது.

இன்னொன்று, இறங்குமுகம். ஊட்டியில் ஸ்வெட்டரும் கம்பளி சாக்ஸும் போட்டு பஸ் ஏறுகிறோம். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேட்டுப்பாளையம் வந்தால் வெயில் சுடுகிறது. ஸ்வெட்டரைக் கழற்றுகிறோம், சாக்ஸைக் கழற்றுவதில்லை. கோவை பீளமேட்டு விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கால் உள்ளேயே வெந்து கிடக்கிறது. அந்தக் காலைத்தான் விமானத்தில் ஏறியதும் 'அப்பாடா' என்று வெளியே எடுக்கிறோம்.

வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கே ஊறும் வியர்வையையும் செத்த தோலையும் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் தின்று, ஐசோவேலரிக் அமிலம் போன்றவற்றை வெளிவிடுகின்றன. கால் நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த பாக்டீரியாக்களில் பிரெவிபாக்டீரியம் என்று ஒரு வகை உண்டு. லிம்பர்கர் போன்ற நெடியடிக்கும் சீஸ்களைப் பக்குவப்படுத்துவது அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொடைக்கானல்காரர்களுக்குச் சீஸ் தெரியும் என்பதால் சொல்கிறேன்: உங்கள் மூக்கு சொல்வது பொய்யில்லை.

விமானத்தில் காற்று சுத்தமாகத்தானே இருக்கும் என்று படித்தவர்கள் கேட்பார்கள். பெரும்பாலான பெரிய விமானங்களில் ஹெப்பா வடிகட்டி இருக்கிறது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாறிவிடுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வடிகட்டி பிடிப்பது தூசியையும் கிருமியையும். நாற்றம் வாயு, அது வடிகட்டியில் நிற்காது. தவிர, காற்று மேலிருந்து இறங்கி உங்கள் வரிசையிலேயே கீழ்ப்பக்கமாக வெளியேறும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் காலை விமானம் முழுக்க முகராது. உங்கள் வரிசையும் முன்பின் வரிசையும் முகரும். அது போதாதா?

ஒரு வாரம் முன்னால்

முதலில் விரலிடுக்கைப் பாருங்கள். குறிப்பாகச் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து அரித்தால் அது சேற்றுப்புண். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. பூஞ்சையால் வருவது, ஒட்டக்கூடியது. மருந்துக்கடையில் க்ளோட்ரிமசோல் களிம்பு கிடைக்கும். அரிப்பு நின்றதுமே களிம்பை நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது, அதனால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. அரிப்பு போன பிறகும் இரண்டு வாரம் போட வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் இன்றைக்கே தொடங்கிவிட்டு, களிம்பைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை நோயாளியாக இருந்தால் களிம்போடு நிற்காமல் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

குளிக்கும்போது காலுக்கு சோப்பு தனியாகப் போட வேண்டும். மேலே போட்ட சோப்புத் தண்ணீர் வழிந்து காலைக் கழுவிவிடும் என்பது நம்மில் பலருக்கு இருக்கும் நம்பிக்கை. கழுவிய பிறகு விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைக்க வேண்டும். குளிரில் இதற்குப் பொறுமை இருக்காது. ஆனால் கழுவுவதைவிடத் துடைப்பதுதான் முக்கியம்.

கால் அதிகமாக வியர்ப்பவர்களுக்கு டீத்தூள் வைத்தியம் ஒன்று உண்டு. கடும் டிக்காஷன் போட்டு, ஆறவைத்து, அதில் இருபது நிமிடம் காலை ஊறவைப்பது. டீயில் இருக்கும் டானின் துவர்ப்புத் தன்மையால் வியர்வையைக் கொஞ்ச நாளைக்குக் கட்டுப்படுத்தும். நம் ஊரில் டீத்தூளுக்கா பஞ்சம்? டஸ்ட் டீயே போதும், ஆர்த்தடாக்ஸை வீணாக்காதீர்கள். வெடிப்போ புண்ணோ இருந்தால் வேண்டாம். பாதம் கொஞ்சம் பழுப்பேறும், பயப்பட வேண்டியதில்லை.

பித்தவெடிப்பு இருப்பவர்கள் இரவில் வாஸ்லின் தடவி, பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்கினால் ஒரு வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நம் மலையின் மூடுபனியில் ஊறிய தோல் அந்த வறட்சியில் இழுக்கும், வெடிப்பு வலிக்கும். அப்போது சீட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி மடியில் வைத்துக் களிம்பு தடவத் தோன்றும். அந்த நிலை வராமல் இருக்கத்தான் இந்த ஒரு வாரம். நகத்தையும் வீட்டிலேயே வெட்டிவிடுங்கள். விமானத்தில் நகம் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப மாட்டீர்கள், இருக்கிறார்கள்.

ஷூவுக்கு: உள்ளே இருக்கும் மெத்தையை வெளியே எடுத்துத் தனியாகக் காயப்போடுங்கள். ஷூவுக்குள் நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து வையுங்கள், காலையும் மாலையும் பேப்பரை மாற்றுங்கள். ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். அடுப்புப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் தோல் விறைத்துவிடும், பசை விட்டு அடிப்பாகம் பிளக்கும். பயணத்துக்குப் போடப்போகும் ஷூவைக் கடைசி இரண்டு நாள் போடாமல் விட்டுவிடுவது நல்லது.

நம் ஊருக்கே உரிய ஒரு தப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காலில் நீலகிரித் தைலம். நாற்றத்தை அமுக்கிவிடும் என்று சாக்ஸுக்குள் தைலத்தை ஊற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமுக்காது. கால் நாற்றத்தோடு தைல நெடியும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். நமக்கு அது சளிக்கு மருந்து. மூடிய விமானத்தில் பக்கத்தில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருக்கு மூச்சுத் திணறல் வரலாம். செண்ட்டுக்கும் இதேதான். ஊருக்குக் கொடுக்கத் தைலம் வாங்கிப் போவதானால் பெரிய பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். வெளிநாடு போகும் விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவப் பாட்டிலை விடமாட்டார்கள்.

எதைப் போட்டுக்கொண்டு போவது

குதிகால் பின்னால் வார் வைத்த செருப்பு, அல்லது நாடாவைத் தளர்த்தக்கூடிய ஷூ. இரண்டில் எது வேண்டுமானாலும் சரி. ஹவாய் செருப்பு வேண்டாம், அவசரத்தில் ஓடினால் கழன்று போகும். ஹை ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். ஆபத்து நேரத்தில் காற்றடைத்த அவசரச் சறுக்கில் இறங்கும்போது அதைக் கழற்றச் சொல்வார்கள், குத்திக் கிழித்துவிடும் என்பதால். சீட்டுக்கு முன்னால் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டையிலேயே அந்தப் படம் இருக்கும். புது ஷூவும் வேண்டாம்.

செருப்புதான் பழக்கம் என்பவர்களும் ஒரு ஜோடி சாக்ஸைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே குளிரும், அதற்காகவும்தான். ஷூ போடுகிறவர்கள் இரண்டு ஜோடி. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால் அதிகம் வியர்ப்பவர்களுக்குக் கம்பளி கலந்ததுதான் நல்லது. ஊட்டியில் வாங்கிய மொத்தமான சாக்ஸை வெட்கப்பட்டு வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், உள்ளே அது ராஜபோகம்.

மலை இறங்கும் வழியில்

இந்த ஒரு படியை மட்டும் செய்தால்கூடப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது: வீட்டிலிருந்து செருப்பில் கிளம்புங்கள். ஷூவைப் பையில் வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது ஈரத்துணியால் காலைத் துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகு கோவையில் இறங்கியதும் துவைத்த சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிரில் செருப்பு முடியாது என்றால் மலையில் ஒரு ஜோடி சாக்ஸ், சமவெளியில் இன்னொரு ஜோடி. கழற்றியதை ஜிப் வைத்த கவரில் போட்டுப் பெட்டியின் அடியில் வையுங்கள். கைப்பையில் வர்க்கிப் பொட்டலத்தின் மேல் வேண்டாம்.

விமான நிலையத்து வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவாதீர்கள். அது முகம் கழுவும் இடம், தரை ஈரமாகி அடுத்தவர் வழுக்கி விழுவார். ஈர டிஷ்யூ பாக்கெட் ஒன்று போதும்.

பாதுகாப்புச் சோதனையில்

இந்திய விமான நிலையங்களில் எல்லோரையும் ஷூ கழற்றச் சொல்வதில்லை. மொத்தமான அடிப்பாகம் உள்ளது, பூட்ஸ், உலோகம் வைத்தது என்றால் கழற்றி ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். சொன்னால் கழற்றுங்கள், வாதம் வேண்டாம். 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி போன விமானத்தில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்தை மறைத்து வந்து, பற்றவைக்கப் பார்த்துப் பிடிபட்டான். அதன் விளைவாக அமெரிக்காவில் 2006-இலிருந்து அநேகமாக எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது, 2025 ஜூலையில்தான் அதைக் கைவிட்டார்கள். கழற்றும் அந்த ஒரு நிமிடம் கூட்டத்துக்கு நடுவே உங்கள் சாக்ஸின் ஓட்டையும் தெரியும். நல்ல சாக்ஸ் போட இது இன்னொரு காரணம்.

கொலுசும் மெட்டியும் போட்டவர்களுக்குக் கருவி கத்தலாம். பயப்பட ஒன்றுமில்லை, திரைக்குப் பின்னால் பெண் காவலர் சோதித்து அனுப்பிவிடுவார். மெட்டி இறுக்கமாக இருந்தால் நீண்ட பயணத்துக்குக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சீட்டில் உட்கார்ந்த பிறகு

ஏறியதும் கழற்றாதீர்கள். விமானம் மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணையும்வரை காலில் ஷூ இருக்க வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்லும் விதி அல்ல, உயிருக்காக. விமான விபத்துகளில் பெரும்பங்கு புறப்படும்போதும் இறங்கும்போதும் நடப்பவை. முதல் மூன்று நிமிடம், கடைசி எட்டு நிமிடம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பெரிய விமானத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, நிறைந்த விமானத்தைப் பாதி வாசல்களை மட்டும் திறந்து 90 வினாடிக்குள் காலி செய்ய முடியும் என்று காட்டச் சொல்கிறார்கள். அந்த 90 வினாடியில் இருட்டில் சீட்டுக்கடியில் ஷூவைத் தேட முடியுமா? 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அப்படி இறங்கி ஓடும் தரையில் என்னவெல்லாம் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: உடைந்த துண்டுகள், எண்ணெய், சூடு. காலில் ஒன்றும் இல்லாமல் அதில் ஓடுவது தீமிதிதான்.

விளக்கு அணைந்ததும் கழற்றலாம். ஒரு மணி நேரச் சென்னைப் பயணத்துக்கு எதற்குக் கழற்ற வேண்டும் என்பது என் கட்சி. சார்ஜா, சிங்கப்பூர் என்று நாலு மணி நேரம் போகிறவர்கள் தாராளமாகக் கழற்றுங்கள். கழற்றிய ஷூவை முன் சீட்டுக்கு அடியில், உங்கள் பைக்குப் பக்கத்தில், உருண்டு போகாதபடி வையுங்கள். மேலே சாமான் வைக்கும் இடத்தில் வேண்டாம். அங்கே இன்னொருவரின் சாப்பாட்டுப் பை இருக்கும். முன்னால் இருக்கும் வலைப்பையில் கண்டிப்பாக வேண்டாம். அடுத்து வருகிறவர் அதில் தண்ணீர் பாட்டிலைச் செருகுவார்.

இனி கால் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது. உங்கள் சீட்டுக்கு முன்னால் இருக்கும் தரை உங்களுடையது. அவ்வளவுதான் உங்களுடையது. முன் சீட்டின் கைப்பிடி இரண்டு சீட்டுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக எட்டும். அங்கே காலை நீட்டினால் முன்னால் இருப்பவரின் முழங்கைக்குப் பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் போய் நிற்கும். காலில் சாக்ஸ் இருந்தாலும் இது மன்னிக்க முடியாதது. முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு எதிரே சுவர் இருக்கும், அதில் காலைத் தூக்கி முட்டுக்கொடுக்கத் தோன்றும். வீட்டில் பெரியவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது காலைத் தூக்குவோமா? அந்தச் சுவரைக் கடந்துதான் பணியாளர்கள் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். சாப்பாடு வைக்கும் தட்டுப்பலகை மேல் கால் என்பதைப் பற்றி நான் எழுதவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நடைபாதைச் சீட் கிடைத்தவர்கள் காலை வெளியே நீட்டாதீர்கள். சாப்பாட்டு வண்டி பாரமானது, தள்ளுகிறவருக்கு உங்கள் கால் தெரியாது. வெறுங்கால் என்றால் நகம் பெயரும்.

சம்மணம் போட்டு உட்காருவது பற்றி அடிக்கடிப் பெரியவர்கள் கேட்கிறார்கள். சாதாரண வகுப்புச் சீட்டின் அகலம் பதினேழு பதினெட்டு அங்குலம். அதில் சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டு பக்கமும் வெளியே வரும். பக்கத்து சீட் காலியாக இருந்தால், பெல்ட் போட்டபடி, சாக்ஸோடு, கொஞ்ச நேரம் உட்காரலாம். ஆள் இருந்தால் முடியாது. நம் கால் தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நமக்கு. பக்கத்தில் இருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது புரியாது, திடுக்கிடுவார். 'சாரி' போதும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அரபு நாட்டவருக்கு உள்ளங்காலை முகத்துக்கு நேராகக் காட்டுவது அவமதிப்பு. கால்மேல் கால் போட்டாலும் பாதம் அடுத்தவரைப் பார்க்காமல் இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு ஷூவைக் கழற்றிவிடுவது நல்லதுதான், ஷூக்காலால் முன் சீட்டை உதைப்பதைவிட சாக்ஸ் காலால் உதைப்பது சத்தம் குறைவு. உதைக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

டாய்லெட்

ஷூ இல்லாமல் போகாதீர்கள். சாக்ஸோடும் போகாதீர்கள், அது வெறுங்காலைவிட மோசம். தரையில் இருப்பதை உறிஞ்சிக்கொண்டு உங்கள் சீட்டுக்கே கொண்டுவரும். கீழே ஈரமாக இருப்பது தண்ணீர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விமானம் ஆடும்போது அந்தச் சின்ன அறைக்குள் ஆண்கள் நின்றபடி என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தால் போதும். நாடா கட்டச் சோம்பலாக இருந்தால் நாடாவை உள்ளே திணித்துவிட்டு மாட்டிக்கொண்டு போங்கள்.

கால் வீங்கினால்

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால்தான் கால் வீங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் 6,000 அடிதான்; கிட்டத்தட்ட குன்னூர். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் தினம் போய்வருகிறோமே, கால் வீங்கியா கிடக்கிறது? வீக்கத்துக்குக் காரணம் அசையாமல் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறும். தசை சும்மா இருந்தால் நீர் கணுக்காலில் தேங்குகிறது. அதனால்தான் மெட்டியைத் தளர்த்தச் சொன்னேன்.

நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லோருக்கும் வராது. கர்ப்பிணிகள், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள் டாக்டரைக் கேட்டு இறுக்கமான மருத்துவ சாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது. மணிக்கொரு தரம், ஷூ போட்டுக்கொண்டு, நடைபாதையில் ஒரு நடை. பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சிவந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீரிழிவுக்காரர்கள் விமானத்துக்குள் வெறுங்காலோடு ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் எதுவாவது குத்தினாலும் தெரியாது.

அடுத்தவர் கால் உங்கள் பக்கம் வந்தால்

நாற்றத்தைப் பற்றிப் பேசாதீர்கள், இடத்தைப் பற்றிப் பேசுங்கள். "ஏங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வெச்சுக்கறீங்களா, எனக்கு எடம் பத்தல" என்றால் யாருக்கும் முகம் சுருங்காது. சின்னப் பையனென்றால் "தம்பி, கால் இங்க வரைக்கும் வந்துருச்சு பாருங்க" போதும், அவனே வெட்கப்பட்டு இழுத்துக்கொள்வான். வயதானவர் என்றால் முதலில் "கால் வலிக்குதுங்களா ஐயா?" என்று கேளுங்கள். பல நேரம் வலிதான் காரணம். உங்கள் பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தாலே தீர்ந்துவிடும். ஒருமுறை சொல்லியும் கேட்கவில்லையென்றால் மேலே இருக்கும் பொத்தானை அழுத்திப் பணியாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வேறு சீட் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். பணியாளர் சொல்லியும் கேட்காதவர் மேல் நடவடிக்கை எடுக்க 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த விதிகளில் இடமுண்டு. அதுவரை போக வேண்டிய விஷயமல்ல இது. காலைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் ஒரு நாகரிகமல்ல.

இதையே யாராவது உங்களிடம் சொன்னால்? "மன்னிச்சுக்குங்க" என்று ஷூவை மாட்டிக்கொள்ளுங்கள். 'என் கால் நாறுமா?' என்று ஆராய்ச்சி வேண்டாம். நம் மூக்குக்கு நம் நெடி பழகிப்போயிருக்கும்.

மாலை போட்டவர்கள்

கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டு வெறுங்காலோடு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு விரதம் இருப்பவர்களும் உண்டு. விரதத்தை யாரும் குறை சொல்லப் போவதில்லை. நீங்கள் ஏறுவதற்கு முன் பாதத்தை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஏறுங்கள். காலைக் கீழேயே வையுங்கள். டாய்லெட்டுக்கு மட்டும் போட்டுக் கழற்ற ஒரு துணிச் செருப்பு வைத்துக்கொள்ள முடியுமா என்று குருசாமியிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். மதிய நேர விமானம் என்றால் பஸ்ஸிலிருந்து படிவரை தார்த்தரை கொதிக்கும், காலையோ இரவோ போகும் விமானமாகப் பாருங்கள். வெளிநாடு போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டெல்டா போன்ற அமெரிக்க நிறுவனங்கள் வெறுங்காலோடு வருபவரை ஏற்றாமல் விடலாம் என்று தங்கள் பயண நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

இறங்கும் முன்

இறங்கப் போகிறோம் என்று முதல் அறிவிப்பு வந்ததுமே ஷூவை மாட்டுங்கள். கால் கொஞ்சம் வீங்கியிருந்தால் அது உள்ளே போக நேரமெடுக்கும். நாடாவை முழுக்கத் தளர்த்தி, முன்பாதத்தை நுழைத்து, குதிகாலைத் தரையில் தட்டி உட்கார வையுங்கள். விமானம் நின்றபிறகு நடைபாதையில் குனிந்து நின்று மாட்டினால் பின்னால் நூறு பேர் காத்திருப்பார்கள். ஜோடி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், விமானம் இறங்கும்போது முன்பக்கம் சாய்வதால் ஒரு ஷூ இரண்டு வரிசை தாண்டிப் போயிருக்கும். முன்னால் இருப்பவர்களிடம் கேளுங்கள், காலாலேயே தள்ளிவிடுவார்கள்.